ஒருவழியாகச் சிலுவை தெரிந்தது: மாவுமணியும் 3டி கண்ணாடியும்

மூன்று வார இழுபறிக்குப் பிறகு நேற்று ராத்திரி நுண்ணோக்கியில் உருளைக்கிழங்கின் மாவுமணிக்குள், அதாவது செல்லுக்குள் மாவுச்சத்து சேர்ந்திருக்கும் நுண்ணிய துகளுக்குள், அந்தக் கறுப்புச் சிலுவையைப் பார்த்துவிட்டேன். நாலு கரமும் கூர்மையாக, மணி வளரத் தொடங்கிய புள்ளியான ஹைலத்தில் வந்து சேருகின்றன. உருளையில் ஹைலம் நடுவில் இல்லாமல் ஓரமாக இருப்பதால் சிலுவையும் ஒருபக்கமாக ஒதுங்கியே விழுகிறது. படத்தில் எத்தனையோ தடவை பார்த்ததுதான். நம் வீட்டு மேசையில், நாம் சுரண்டி எடுத்த கிழங்கில் பார்ப்பது வேறு.

மாதிரி எடுப்பதில் சொல்ல ஒன்றுமில்லை. வெட்டிய முகத்தைச் சுரண்டி, ஒரு சொட்டுத் தண்ணீர், மேலே கவர்ஸ்லிப் என்ற மெல்லிய கண்ணாடித் துண்டு, 400 மடங்கு உருப்பெருக்கம். படுத்தி எடுத்தது ஒளி வடிகட்டிதான். ஒளியின் அதிர்வை ஒரே தளத்தில் அடக்கும் வடிகட்டி மணிக்குக் கீழே ஒன்று, மேலே ஒன்று இருந்தால்தான் சிலுவை தெரியும்.

அதற்கென்றே உள்ள போலராய்டு தகடு வாங்கலாம் என்றால் தகட்டைவிட கூரியர் செலவு அதிகம். அதனால் தியேட்டரில் கொடுத்த 3டி கண்ணாடியை வெட்டி, இடது வில்லையை விளக்கின் மேலும் வலது வில்லையை ஐபீஸின் மேலும் வைத்தேன். பின்புலம் உடனே இருண்டது, மணிகள் மின்னின. ஆனால் சிலுவை இல்லை! மணி முழுக்க ஒரே வெளிச்சம். மேல் வில்லையை எந்தப் பக்கம் சுற்றினாலும் இருட்டு அப்படியே நிற்கிறது. ஃபோகஸ் சரியில்லையோ என்று பார்த்தேன், ஸ்லைடைக் கழுவினேன், வேறு கிழங்கு வாங்கி வந்தேன். இரண்டு வாரம் இப்படியே போனது.

காரணம் வில்லைக்குள் இருக்கிறது. இந்தக் கண்ணாடிகளில் இரண்டு படலங்கள். கண் பக்கம் இருப்பது ஒளியின் அதிர்வை ஒரே தளத்தில் அடக்கும் படலம். வெளிப்பக்கம் இருப்பது அந்தத் தளவிளைவு ஒளியைச் சுழலும் ஒளியாக மாற்றும் கால் அலைப் படலம். நான் இரண்டு வில்லைகளின் வெளிப்பக்கத்தையும் ஸ்லைடைப் பார்த்து வைத்திருந்தேன். அதனால் மணிமேல் விழுந்தது சுழல் ஒளி, அதற்குத் திசை கிடையாது. சிலுவையோ திசையால் வருவது. மணிக்குள் அமைலோபெக்டின் என்ற மாவுச்சத்து மூலக்கூறின் சங்கிலிகள் ஹைலத்திலிருந்து வெளிநோக்கி ஆரமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அந்த ஆரம் ஏதாவது ஒரு வடிகட்டியின் தளத்தோடு ஒத்துப்போகும் இடமெல்லாம் இருளும், அதுதான் கரம்.

ஆக, இரண்டு வில்லைகளின் கண் பக்கமும் ஸ்லைடைப் பார்க்க வேண்டும். திருப்பி வைத்து மேல் வில்லையை மெல்லச் சுற்றினேன். ஒரு கட்டத்தில் புலம் இருண்டு சிலுவை எழுந்தது. வெட்டும் முன்பே கண் பக்கத்தில் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள். மறந்து வெட்டியிருந்தால் லேப்டாப்பின் எல்சிடி திரைமுன் பிடித்துச் சுற்றிப் பாருங்கள். கண் பக்கம் திரையைப் பார்த்திருந்தால் இருண்டு இருண்டு தெளியும். வெளிப்பக்கம் என்றால் பெரிதாக மாறாது.

இன்னொரு சந்தோஷம்: பக்கத்திலிருந்த செல்சுவரும் மின்னியது. சுவரிலுள்ள செல்லுலோஸும் மணியிலுள்ள தரசமும் (மாவுச்சத்து) ஒரே குளுக்கோஸால் ஆனவைதான். ஒன்றில் பீட்டா இணைப்பு, மற்றதில் ஆல்ஃபா. அந்த ஒரு வித்தியாசத்தில் ஒன்று சுவராகிறது, மற்றது சோறாகிறது. இரண்டையும் ஒரே புலத்தில் பார்க்கும்போது பாடம் வேறுமாதிரிப் பதிகிறது.

கவர்ஸ்லிப் பற்றி ஒரு வார்த்தை. இணையத்தில் வாங்கிய பெட்டி ஈரம் பட்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தது, பாதி உடைந்தது. இனி பள்ளி ஆய்வகங்களுக்குப் பொருள் தரும் உள்ளூர்க் கடைதான். மாவுமணிக்கு நீலநிறம் ஏற்றும் அயோடினுக்கு மருந்துக்கடை பொவிடோன் அயோடினே போதும், ஆனால் நன்றாக நீர்த்துவிடுங்கள். நிறம் அடர்ந்தால் சிலுவை மறைந்துவிடுகிறது.

அப்புறம் சூடு. உருளை மாவைத் தண்ணீரில் கலக்கி, சமையல் வெப்பமானி வைத்து ஐந்தைந்து நிமிடம் சூடாக்கிப் பார்த்தேன். 55 டிகிரியில் சிலுவைகள் பத்திரமாக இருந்தன. 62இல் சில மணிகள் வீங்கி வெறுமையாகிவிட்டன, பக்கத்து மணி அப்படியே இருந்தது. 70இல் ஒன்றுகூட மிச்சமில்லை. கஞ்சி கெட்டியாவது என்பது இந்த அடுக்கு குலைவதுதான்.

அதனால் இப்போது ஜவ்வரிசியில் இறங்கியிருக்கிறேன். மரவள்ளி மாவை ஈரத்தோடு உருட்டி, சூடான தட்டில் வறுத்துத்தான் சேலம், நாமக்கல் பக்கம் செய்கிறார்கள். ஆக வெளிப்புறம் வெந்தும் உள்ளே பச்சையாகவும் இருக்க வேண்டும். மரவள்ளி மணி உருளையைவிடச் சிறியது, பல மணிகள் ஒருபக்கம் வெட்டியதுபோல இருக்கும். பிளேடால் இரண்டாகப் பிளந்து, நடுவிலிருந்து சுரண்டியதில் சிலுவைகள் நிறையவே கிடைத்தன. மேல்தோலில் ஒன்றிரண்டுதான். நடுவில் எந்த இடத்தில் மாறுகிறது என்று அளக்க மெல்லிய சீவல் வேண்டும். ஆனால் உலர்ந்த ஜவ்வரிசி பிளேடுக்கு நொறுங்குகிறது, நனைத்தால் குழைகிறது. மெழுகில் பதித்துச் சீவிப் பார்க்கப் போகிறேன்.

அதற்குள் வாழைக்காய் ஒரு சீப்பும் வாங்கி வைத்துவிட்டேன். காயில் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் மாவு, நன்றாகப் பழுத்தால் ஒரு சதவீதம் அளவுக்கு இறங்கிவிடும். தினம் ஒரு காயிலிருந்து சுரண்டி, புலத்தில் எத்தனை சிலுவை என்று எண்ணி வருகிறேன். இன்று இரண்டாம் நாள், தோல் இன்னும் பச்சைதான்.