36 அடியில் ஒரு வால்வெள்ளி

துடுப்பாட்டத்தைப் பற்றியும் விடுதிச் சாப்பாட்டைப் பற்றியும் எழுத எங்கள் பழைய மாணவர் சங்கத்தில் ஆட்களுக்குக் குறைவில்லை. எனவே நான் பௌதிக மாஸ்ரர் மைதானத்தில் அடித்த இரண்டு முளைகளைப் பற்றி எழுதுகிறேன்.

1986ஆம் ஆண்டு. ஹலியின் வால்வெள்ளி பெப்ரவரி 9ஆம் திகதி சூரியனுக்கு மிகக் கிட்டவாக வந்து திரும்பியிருந்தது. உயர்தர வகுப்பில் எங்களுக்கு ஈர்ப்புப் பாடம். மாஸ்ரர் கரும்பலகையில் நீள்வட்டம் ஒன்றைக் கீறினார், கொஞ்ச நேரம் பார்த்தார், அழித்துவிட்டார். "புத்தகக்காரர் எல்லாரும் முட்டை மாதிரிக் கீறிப்போட்டு ஹலி எண்டு பேர் வைக்கிறாங்கள். வெளியில வாங்கோ."

சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தூரம் ஓரடி என்பது அவர் அளவு. 34½ அடி இடைவெளியில் இரண்டு முளைகள். நீள்வட்டத்தின் இரண்டு குவியங்களும் அவைதான்: ஒன்றில் சூரியன், மற்றதில் ஒன்றுமில்லை. இரண்டு முளைகளிலும் நுனிகளைக் கட்டிய கயிற்றின் நீளம் 35 அடி 8 அங்குலம், அதாவது முளைகளின் இடைவெளியைவிட ஓரடி 2 அங்குலம்தான் கூட. கயிற்றை ஒரு தடியால் இழுத்துப் பிடித்துக்கொண்டு வகுப்பிலேயே நெடுவலான ஒருவன் சுற்றி வந்தான். புழுதியில் விழுந்த நீள்வட்டம் கிட்டத்தட்ட 36 அடி நீளம், ஆனால் அகலம் 9 அடிதான். சூரிய முளையை வெறும் 7 அங்குலத்தில், புதனுக்கும் வெள்ளிக்கும் நடுவால், வளைத்துக்கொண்டு போனது. மறுநுனி நெப்தியூனையும் தாண்டி நின்றது. (நெப்தியூனாக நிற்க வேண்டியவன் 30 அடி அளந்து மதிலில் முட்டினான்.)

கோள்களாக நின்றவர்கள் எல்லாம் இடஞ்சுழியாக நடக்க, ஹலியை மட்டும் எதிர்ப்பக்கமாக நடக்கவிட்டார். அது உண்மையிலும் அப்படித்தான் சுற்றுகிறது. சூரியனுக்குக் கிட்ட "ஓடு, ஓடு!" மற்ற நுனிக்குப் போனால் "ஊர்ந்து போ!" கிட்ட வரும்போது செக்கனுக்கு 54 கிலோமீற்றர், தூர நுனியில் 1 கிலோமீற்றர்கூட இல்லை. சூரியனுக்குக் கிட்ட வேகம், தூரத்தில் மெதுவு என்கிற கெப்ளரின் இரண்டாம் விதியை அதற்குப் பிறகு யாரும் பாடமாக்கவில்லை.

இது எங்கிருந்து வருகுதென்று ஒருவன் கேட்டான். எனக்குப் பிடித்த பகுதி அதுதான். குறுகிய காலத்தில் சுற்றுகிற வால்வெள்ளிகள் பலவற்றின் ஊர், நெப்தியூனுக்கு அப்பால் பனிக்கட்டிகள் சுற்றுகிற கைப்பர் பட்டை. அது மதிலுக்கு அந்தப் பக்கத்து வளவு. ஆயிரமாயிரம் வருடங்களுக்கு ஒருமுறை, எந்தத் திசையிலிருந்தும் வருகிறவற்றுக்கு, நெதர்லாந்து வானியலாளர் ஊர்ட் 1950இல் சொன்ன மேகம், சூரிய குடும்பத்தை வெகுதூரத்தில் சூழ்ந்திருக்கிற பனிக்கட்டிகளின் கூட்டம். ஹலியும் ஆதியில் அங்கிருந்து வந்து, பெரிய கோள்களின் இழுவையில் குறுகிய பாதைக்குள் மாட்டுப்பட்டது என்பதே பலரின் கருத்து. "அந்த மேகம் எவ்வளவு தூரம் சேர்?" மாஸ்ரர் மனக்கணக்குப் போட்டார். அதே அளவில் 50,000 அடி, யாழ்ப்பாணத்திலிருந்து 15 கிலோமீற்றர் அளவில் உள்ள சாவகச்சேரி. அடுத்த நட்சத்திரம் 80 கிலோமீற்றர் அளவில், மாங்குளம் மட்டில். இடையில் ஏதாவது நட்சத்திரம் கடந்து போனாலும், பால்வீதியின் ஈர்ப்பு மெல்ல இழுத்தாலும், ஒரு கட்டி நிலைகுலைந்து எங்கள் பக்கம் விழத் தொடங்கும்.

மார்ச்சில் விடியற்காலை மைதானத்துக்கு வரச் சொன்னார். இருட்டில் வெளிக்கிட வீடுகளில் யோசித்த காலம். ஆனாலும் வந்தோம். கரண்ட் இல்லாதது அன்றைக்கு உதவி. தென்கிழக்கில் மங்கலாக ஒரு புகைப்பொட்டு, வால் சூரியன் உதிக்கும் பக்கத்துக்கு எதிரே மேல்நோக்கி. சூரியக் காற்றும் ஒளியும் தள்ளுவதால் வால் எப்போதும் சூரியனுக்கு எதிர்ப்புறம்தான், திரும்பிப் போகும்போது வால் முன்னுக்குப் போகும் என்றார். ஏமாற்றமாக இருந்ததென்று சிலர் இன்றும் சொல்கிறார்கள், எனக்கு அப்படியில்லை. அதே மாதம் 14ஆம் திகதி ஜியோட்டோ விண்கலம் ஏறத்தாழ 600 கிலோமீற்றர் கிட்டப் போய்ப் படமெடுத்தது. 15 கிலோமீற்றர் நீளமான கறுத்தக் கட்டி, விழும் வெளிச்சத்தில் நூற்றுக்கு 4 பங்கைத்தான் திருப்பி அனுப்புகிறது.

2023 டிசம்பரில் ஹலி அந்தத் தூர நுனியைச் சுற்றித் திரும்பியது. இனி 2061 ஜூலையில்தான் சூரியனுக்குக் கிட்ட வரும், எங்கள் வகுப்பார் தொண்ணூறைத் தாண்டியிருப்பார்கள். அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. அது உதிர்த்த தூசிக்குள்ளால் பூமி வருடத்தில் இரண்டு தரம் போகிறது. ஒக்ரோபர் 21 அளவில் ரொறன்ரோக்காரர் நகர வெளிச்சத்தைவிட்டு வெளியே போய் விடியப்புறம் எரிகற்களைப் பார்க்கலாம். மே மாதத் தொடக்கத்தில் வருவதை அவுஸ்திரேலியாக் கிளைக்காரர்தான் எங்களைவிட வடிவாகப் பார்ப்பார்கள்.