பிங்க்ஹர்ஸ்ட் எழுதினதா, பிங்க்ஹர்ஸ்டோடு படித்தவன் எழுதினதா?

ஆங்கிலக் கவிஞர் சோசர் தன் எழுத்தருக்குச் சாபம் போட்டு ஏழு வரியில் ஒரு கவிதை எழுதியிருக்கிறார். ஆடம், இனி என் நூலைப் பிரதி எடுக்கும்போது நான் எழுதினபடியே நீ எழுதாவிட்டால் உன் நீண்ட முடிக்குக் கீழே சிரங்கு பிடிக்கட்டும், உன் அவசரத்தால் வரும் பிழைகளை நான்தான் தேய்த்தும் சுரண்டியும் திருத்த வேண்டியிருக்கிறது என்பது சாரம். சுரண்டுவது என்றால் உண்மையாகவே சுரண்டுவதுதான், எழுதியது தோலில் என்பதால் பிழையைக் கத்தியால்தான் எடுக்க வேண்டும். படித்தவன் பாட்டைக் கெடுத்தான், எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்று நாங்கள் சொல்லிவிட்டுப் போய்விடுவோம், அவர் சாபமே போட்டுவிட்டார்.

இந்த ஆடம் யார் என்று 2004-இல் லின் மூனி என்ற ஆய்வாளர் கண்டுபிடித்ததாக அறிவித்தார். ஆள் ஆடம் பிங்க்ஹர்ஸ்ட், லண்டன் எழுத்தர் சங்கத்தில் சேர்ந்தவர். புதிதாகச் சேருகிறவர்கள் சங்கத்தின் பதிவேட்டில் தங்கள் சத்தியப்பிரமாணத்தைத் தங்கள் கையாலேயே எழுத வேண்டும். பிங்க்ஹர்ஸ்டின் பதிவு 1392-ஐ ஒட்டியது, சில வரிகள்தான். அந்தச் சில வரிகளில் உள்ள எழுத்தும், யாத்திரிகர்கள் சொல்லும் கதைகளாகச் சோசர் எழுதின கன்ரபரிக் கதைகள் என்ற நூலின் மிகப் பழைய, மிக முக்கியமான இரண்டு கைப்பிரதிகளில் உள்ள எழுத்தும் ஒரே ஆளின் எழுத்து என்றார் மூனி. விரிவான கட்டுரை 2006-இல் வந்தது.

நான் ஆங்கில இலக்கியம் படித்தவன் இல்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு நொத்தாரிசு அலுவலகத்தில் பழைய காணி உறுதிகளை வாசித்துச் சுருக்கம் எழுதுகிறேன். தட்டச்சுக்கு முந்தின காலத்து உறுதி எல்லாம் லிகிதர் கையால் எழுதினது, எந்த லிகிதர் என்று அதில் இராது. நொத்தாரிசின் கையொப்பம் இருக்கும், சாட்சிகளின் கையொப்பம் இருக்கும், முழுவதையும் எழுதினவன் பெயர் மட்டும் இராது. அதனால் இந்தப் பிங்க்ஹர்ஸ்ட் விவகாரத்தை வாசிக்கத் தொடங்கினபோது எனக்கு அது தூரத்து விசயமாகத் தெரியவில்லை.

சரி, கதையின் முன்பகுதி. மூனிக்கு முன்பே, 1978-இல், டொய்ல், பார்க்ஸ் என்ற இருவர் கேம்பிறிட்ஜ் ட்ரினிற்றி கல்லூரியில் உள்ள ஒரு கைப்பிரதியை எடுத்துப் பிரித்துப் பார்த்தார்கள். கவிஞர் கோவரின் நீண்ட கவிதை அது, ஐந்து பேர் பங்குபோட்டு எழுதியிருக்கிறார்கள். பெயர் தெரியாததால் ஏ, பீ, சீ, டீ, ஈ என்று வைத்துக்கொண்டார்கள். இதில் ‘பீ’ எழுதின பகுதியைப் பார்த்தால், வேல்ஸ் தேசிய நூலகத்தில் உள்ள ஹெங்வர்ட் பிரதியையும் கலிபோர்னியாவில் ஹன்டிங்டன் நூலகத்தில் உள்ள எல்ஸ்மியர் பிரதியையும் எழுதினவரும் அவரே, மூனி சொன்ன இரண்டு பிரதிகளும் இவைதான். ஹெங்வர்ட் எலி அரித்த ஒரு சாதாரணப் பிரதி. எல்ஸ்மியர் பெரிய இடத்துப் பிள்ளை, குதிரையில் போகும் யாத்திரிகர்களின் படங்கள் பொன்னும் வண்ணமுமாக ஓரத்தில் இருக்கும். இரண்டிலும் கதைகளின் வரிசை வேறு, ஹெங்வர்ட்டில் ஒரு கதை அடியோடு இல்லை.

எழுத்தை வைத்து எப்படிச் சொல்கிறார்கள்? அந்தக் கால இங்கிலாந்தில் புழக்கத்தில் இருந்த கூட்டெழுத்து வகைக்கு ஆங்கிலிக்கானா என்று பெயர். அதில் ‘ஏ’ இரண்டு அறை உள்ள எழுத்து, ஒன்றுக்கு மேல் ஒன்றாக, மேல் அறை பக்கத்து எழுத்துகளை விட உயர்ந்து நிற்கும். ‘ஜீ’ நம் எட்டு இலக்கம் மாதிரி. ‘ஆர்’ கோட்டுக்குக் கீழே நீண்டு இறங்கும். ‘எஸ்’ ஒன்றல்ல, சொல்லில் எங்கே வருகிறது என்பதைப் பொறுத்து நீண்டதும் வரும் வளைந்ததும் வரும். ‘டபிள்யூ’ பெரிய வளையங்களோடு இரண்டு எழுத்தின் இடத்தை அடைத்துக்கொள்ளும். பிரான்சிலிருந்து வந்த செக்ரற்றரி என்ற வகை அப்போதுதான் பரவத் தொடங்கியிருந்தது, அதில் ‘ஏ’ ஒற்றை அறை, ‘ஆர்’ குட்டை. சிலர் இரண்டையும் கலந்து எழுதினார்கள்.

ஆனால் இந்த வடிவங்கள் எல்லாம் ஊர்ப் பொதுச்சொத்து. ஒருவன் இரண்டறை ‘ஏ’ எழுதினான் என்பதால் அவன் இன்னார் என்று சொல்ல ஏலாது. பார்க்க வேண்டியது வடிவம் எழுதப்படுகிற விதம். பேனா எங்கே தொடங்கி எந்தப் பக்கம் போகிறது, எங்கே தூக்கப்படுகிறது, மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் என்ன விகிதம், ஒரு எழுத்திலிருந்து அடுத்ததற்கு இணைப்பு எங்கே விழுகிறது. இறகுப் பேனாவின் முனை தட்டையாக வெட்டப்பட்டது, திசை மாறும்போது கோடு தடிக்கும் மெலியும், அதனால் கை போன வழியை அறுநூறு வருடம் கழித்தும் பின்தொடரலாம். நம் ஓலைச்சுவடியில் இந்த வசதி கிடையாது. எழுத்தாணி கீறின கோடு பெரும்பாலும் ஒரே தடிப்பு, கரி பூசினால்தான் கண்ணுக்கே தெரியும், புள்ளி இராது, காலும் ரகரமும் ஒன்று போல இருக்கும். அங்கே கையை அடையாளம் காண்பது இன்னும் பெரிய தலையிடி. ஆனால் நம் ஆட்களில் கனபேர் கடைசி ஏட்டில் எழுதினவன் பெயரையும் எழுதி முடித்த நாளையும் வைத்துவிட்டுப் போனார்கள்.

இனி என் உறுதிகளுக்கு வருகிறேன். பழைய உறுதியில் வருடம், மாதம், தேதி எல்லாம் ௵, ௴, ௳ என்று குறியாக வரும், மேற்படி என்பதற்கு ௸ வரும். ஒரு பக்கத்தில் ௸ திரும்பத் திரும்ப வரும், லிகிதர் யோசித்து எழுதுவதில்லை, கை தானாகச் சுழற்றிவிட்டுப் போகும். கை அகப்படுவது இந்த மாதிரி இடத்தில்தான். அதற்கு மாறாக, உறுதியின் முதல் வரியில் பெரிதாக, வால் நீட்டி, சுழி போட்டு எழுதுகிற எழுத்து இருக்கிறதே, அதை வைத்து ஆளைச் சொல்லப் போனால் நாறிப்போவோம். ஒரே அலுவலகத்தில் ஒரே தலைமை லிகிதரிடம் வேலை பழகினவர்கள் எல்லோரும் அந்த வாலை அப்படியே இழுத்திருக்கிறார்கள். அழகாக இருப்பதைத்தானே பொடியங்கள் பார்த்து எழுதுவார்கள்! வகரத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவில் விடுகிற இடைவெளியை யாரும் பார்த்து எழுதுவதில்லை.

மூனியின் வாதத்தில் எனக்கு இடிக்கிற இடமும் இதுதான். பிரமாணம் சடங்குக்காக எழுதினது, முதல் எழுத்தைப் பெரிதாக்கி அலங்காரத்தோடு எழுதுவார்கள். பதிவுக்கும் கைப்பிரதிகளுக்கும் உள்ள ஒற்றுமையாக அவர் காட்டியவற்றில் அப்படியான அலங்காரங்களும் உண்டு. 2011-இல் ஜேன் றொபேட்ஸ் இதைக் கேள்வி கேட்டார். 2018-இல் லோறன்ஸ் வார்னர் ஒரு முழு நூலாகவே எழுதினார், இந்த அடையாளங்கள் அந்தக் கால லண்டன் எழுத்தர்கள் பலரிடமும் இருந்தவைதான் என்று. ஹெங்வர்ட்டும் எல்ஸ்மியரும் ஒரே கை என்பதைப் பெரும்பாலானவர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள், எனக்கும் அதில் சந்தேகம் இல்லை, நூற்றுக்கணக்கான பக்கங்கள் இருக்கும்போது கை ஒளிக்க முடியாது. அந்தக் கைக்குப் பிங்க்ஹர்ஸ்ட் என்று பெயர் வைப்பதுதான் சிக்கல். ஒரு பக்கம் முழு நூல், மறுபக்கம் சில வரிகள். நான் றொபேட்ஸ் பக்கம் நிற்கிறேன்.

பெயரில் என்ன இருக்கிறது என்று விட்டுவிடவும் முடியாது. சோசர் 1400-இல் இறந்தார், கன்ரபரிக் கதைகளை முடிக்காமலே. எழுத்தர் சோசருக்குத் தெரிந்த, அவரிடம் திட்டு வாங்கின ஆடம்தான் என்றால், ஹெங்வர்ட் பிரதி சோசரின் கண்காணிப்பிலேயே தொடங்கியிருக்கலாம் என்று வாதிடலாம், அதில் உள்ள வரிசைக்கும் பாடத்துக்கும் மதிப்பு ஏறும். ‘பீ’ யாரோ என்றால், கவிஞர் போன பிறகு கிடைத்த தாள்களை அடுக்கின ஒரு கூலி எழுத்தர் ஆகலாம். இவ்வளவும் ஒரு ‘ஜீ’யின் வளைவில் தொங்குகிறது. சாபக் கவிதைக்கும் மத்திய காலத்துப் பிரதி ஒன்றே ஒன்றுதான், ஜோன் ஷேர்லி என்பவர் பிறகு எழுதி வைத்தது. லண்டனில் ஆடம் என்ற பெயரில் எழுத்தர் ஒருவர்தான் இருந்திருப்பார் என்று நம்பவும் எனக்கு மனம் வரவில்லை.

பெயர் வைப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. அதே ட்ரினிற்றி பிரதியில் ‘ஈ’ எழுதினது சில பத்திகள்தான், அவர் தோமஸ் ஹொக்லீவ் என்று டொய்லும் பார்க்ஸும் சொன்னதில் பெரிய சண்டை எழவில்லை. ஹொக்லீவ் அரச முத்திரை அலுவலகத்தில் லிகிதராக வேலை பார்த்த கவிஞர், தன் கவிதைகளைத் தன் கையால் எழுதின தொகுப்புகள் மூன்று இன்றைக்கும் இருக்கின்றன. பக்கம் பக்கமாக வைத்து ஒப்பிடலாம். பிங்க்ஹர்ஸ்டுக்கும் அப்படிப் பெயரோடு ஒரு நாலு பக்கம் எங்காவது ஆவணக்காப்பகத்தில் கிடைத்தால், அதுவும் அலங்காரம் இல்லாத கணக்கோ கடிதமோ கிடைத்தால், நான் பக்கம் மாறத் தயார்.

பார்க்க விருப்பம் உள்ளவர்களுக்கு, ட்ரினிற்றி கல்லூரி அந்தக் கோவர் பிரதியை இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது. எல்ஸ்மியரின் படங்களில் மயங்கிப் போகாமல் முதலில் இதில் பழகுங்கள், ஐந்து கையும் ஒரே நூலுக்குள் அகப்படும். பெரிய எழுத்துகளை விட்டுவிட்டு ‘டபிள்யூ’வின் கடைசி வளையம் அடுத்த எழுத்தை எங்கே தொடுகிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டு போங்கள்.