நேப்பிள்ஸ் சமையலறை: ஞாயிற்றுக்கிழமை போல்பெத்தே

நவம்பர் 14, 2025, வெள்ளி

வார நடுவில் வாங்கிய பானே கஃபோனே ரொட்டி பாதி மிச்சம். காய்ந்து கட்டையாகிவிட்டது. மாமியார் அதைத் துணியில் சுற்றி எடுத்து வைத்தார். சரி, ஞாயிற்றுக்கிழமை போல்பெத்தேதான்! இந்த ஊர்க் கறி உருண்டைக்குப் பழைய ரொட்டிதான் உயிர். கறி வாங்கக் கட்டுப்படியாகாத காலத்தில் அளவைக் கூட்டச் சேர்த்தது. இன்று கறிக்குப் பஞ்சமில்லை, ஆனாலும் எங்கள் வீட்டில் ரொட்டியைக் குறைப்பதில்லை.

நவம்பர் 15, சனி

கறிக்கடை. மாடும் பன்றியும் சரிபாதியாக அரை கிலோ, கண் முன்னே அரைத்துத் தந்தார்கள். பன்றிக் கொழுப்பு இல்லாவிட்டால் உருண்டை வறண்டுவிடும்.

நவம்பர் 16, ஞாயிறு

காலையிலேயே தக்காளி அடுப்பில் ஏறிவிட்டது. ஆலிவ் எண்ணெய், வெங்காயம், வடிகட்டிய தக்காளி, அவ்வளவுதான். தீ மிகவும் சின்னதாக இருக்க வேண்டும்.

கால் கிலோ ரொட்டியை, மேல் ஓட்டைச் சீவிவிட்டுத் தண்ணீரில் ஊறப்போட்டோம். பாலில் ஊறவைக்கிற வீடுகளும் உண்டு. மாமியார் ஒரு பிடி எடுத்துப் பிழிந்து என் கையில் வைத்தார். சொட்டவில்லை, ஆனால் உள்ளே ஈரம் இருந்தது. அதில் முட்டை, துருவிய பார்மிஜானோ சீஸ், கொஞ்சம் பெக்கொரீனோ சீஸ், பூண்டு, பார்ஸ்லித் தழை, மிளகு. கறி கடைசியில்தான். "அழுத்திப் பிசையாதே, விரலால் கலந்துவிடு" என்றார். அழுத்தினால் கறி இறுகிக்கொள்ளும். ஊறிய ரொட்டி இடையில் புகுந்து அந்த இறுக்கத்தைத் தடுக்கிறது, தண்ணீரையும் பிடித்து வைக்கிறது.

பைன் கொட்டையும் உலர்திராட்சையும் போடுவது இந்த ஊர் வழக்கம். என் கணவருக்குத் திராட்சை ஆகாது, அதனால் பாதிக்கு மட்டும். எனக்கு அது இல்லாமல் முடியாது. தக்காளிப் புளிப்பில் திடீரென்று ஒரு இனிப்பு பல்லில் படுமே, அதற்காகத்தான் இந்த வேலை எல்லாம்.

எண்ணெயில் வெளிப்புறம் சிவக்கும்வரை பொரித்து, தக்காளியில் இறக்கி அரை மணி நேரம் கொதிக்கவிட்டோம். முள்கரண்டியின் ஓரம் பட்டதும் பிளந்தது. உள்ளே அத்தனை மென்மை!

முதலில் அந்தச் சாற்றில் புரட்டிய ரிகத்தோனி என்ற குழாய்ப் பாஸ்தா, அப்புறம் தனித்தட்டில் போல்பெத்தே. ஸ்பகெட்டியின் மேல் பெரிய உருண்டைகளை வைப்பது அமெரிக்காவில் குடியேறிய இத்தாலியர்களிடம் வளர்ந்த பழக்கம். 1880க்கும் 1920க்கும் இடையில் சுமார் 40 லட்சம் பேர் போனார்கள், பெரும்பாலும் தெற்கிலிருந்து. அங்கே கறி மலிவு, உருண்டையும் பெருத்தது. இத்தாலியிலேயே பாஸ்தாவோடு சேர்ப்பதே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. அப்ருஸ்ஸோவின் தெராமோ பக்கம் கொண்டைக்கடலை அளவுக்குக் குட்டிக்குட்டியாக உருட்டிப் பாஸ்தாவில் கலக்கிறார்கள்.

நவம்பர் 17, திங்கள்

மதியத்துக்குக் குஸெத்தியெல்லோ. புது ரொட்டியின் முனையை வெட்டி, உள்ளே குடைந்து, ஓர் உருண்டையை நசுக்கி வைத்து, மேலே சாற்றை ஊற்றினேன். நேற்றைவிட இன்றுதான் சுவை. ராத்திரி முழுக்க ஊறியிருக்கிறதே! சாறு இன்னும் ஒரு டப்பா இருக்கிறது, நாளைப் பாஸ்தாவுக்கு ஆகும்.