செக்குபந்தியில் இருக்கும் பங்காளிகள்

நில ஆவணங்களை வைத்து முன்னோரைத் தேடுகிறவர்களில் பலரும், பட்டாவில் தாத்தா பெயர் இருக்கிறது, அதற்கு மேலே யாரென்று தெரியவில்லை என்று அங்கேயே நின்றுவிடுகிறார்கள். பட்டா என்பது வரி யார் பெயரில் இருக்கிறது என்று காட்டும் தாள். அதில் பெயரும் தகப்பனார் பெயரும்தான் கிடைக்கும். குடும்பம் இருப்பது பத்திரத்தில். அந்தப் பத்திரம் வரை போக நிலத்தின் எண்ணைப் பிடித்துக்கொண்டு நடங்கள். பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைக்கிற நம் ஊர்களில் ஆள் பெயரை மட்டும் நம்பிப் போனால் இரண்டு தலைமுறை ஒரே ஆளாகிவிடும்.

முதலில் இன்றைய சர்வே எண்ணுக்கு, ஊர் நிலங்களை எண் வாரியாகக் காட்டும் 'அ' பதிவேட்டின் நகல் எடுங்கள். பட்டாவைப் போலவே இதுவும் இணையத்தில் கிடைக்கிறது. பழைய புல எண்ணுக்கு அதில் தனிக் கலம் உண்டு. 1980களில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்க நடந்த யு.டி.ஆர். திட்டத்தில் உட்பிரிவுகள் மாறின, ஏக்கர் ஹெக்டேர் ஆனது. ஆகவே எண் மாறும் ஒவ்வொரு இடத்திலும் பரப்பைச் சரிபாருங்கள்: 1 ஏக்கர் சுமார் 40.5 ஏர், அதாவது 0.405 ஹெக்டேர். பரப்பு பெரிதாக இடித்தால் பக்கத்து வயலுக்குள் இறங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். யு.டி.ஆருக்கு முந்தைய நிலவரித்திட்டப் பதிவேடுகளைத் தாலுகா அலுவலகத்திலும், கலெக்டர் அலுவலக ஆவண அறையிலும், எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் கேட்க வேண்டும். சர்வேக்கும் முந்தியது பைமாஷ் எண், அதாவது பழைய நில அளவையில் கொடுத்த எண்.

ஊர் எந்த வகை என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். ஜமீன் கிராமம் என்றால் 1948 எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்கு முன்பு குடியானவரிடம் அரசே நேரடியாக வரி வாங்கிய ஊர்களுக்கான சர்க்கார் ரயத்துவாரிப் பதிவேட்டில் குடியானவர் பெயரைத் தேடிப் பயனில்லை. இனாம் நிலம், அதாவது மானியமாக விட்ட நிலம் என்றால் பெரும் அதிர்ஷ்டம். 1858ல் அமைந்த இனாம் கமிஷன் தயாரித்த இனாம் பதிவேட்டில் முதலில் மானியம் பெற்றவர், அப்போது அனுபவித்தவர், அவருடைய வயது, இருவருக்கும் உள்ள உறவு எல்லாம் கலம் கலமாகப் பதிவாகியிருக்கும். ஒரே வரியில் மூன்று தலைமுறை கிடைப்பதும் உண்டு.

அடுத்தது வில்லங்கச் சான்று, அதாவது ஒரு சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல். இணையத்தில் பெரும்பாலும் 1975 முதல்தான் வரும். அதற்கு முந்தையதை சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு போட்டுத் தேடச் சொல்ல வேண்டும். கிராமம் அந்தக் காலத்தில் எந்தச் சார்பதிவகத்தில், எந்த மாவட்டத்தில் இருந்தது என்று பாருங்கள். இன்றைய மயிலாடுதுறை மாவட்டத்து ஊர் 2020 வரை நாகப்பட்டினம், 1991 வரை தஞ்சாவூர். வில்லங்கத்தில் ஒன்றும் வராவிட்டால் பரிவர்த்தனையே நடக்கவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நூறு ரூபாய்க்குக் குறைந்த கிரயத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அன்று இல்லை. வாய்மொழிப் பாகம் பதிவேட்டுக்கே வராது. உயில் சார்பதிவகத்தின் 3ஆம் புத்தகத்தில் ஏறும், சொத்து வில்லங்கத்தில் தெரியாது. எழுதியவர் இறந்தபின் அதன் நகலை யாரும் கேட்டு வாங்கலாம்.

பத்திர எண் கிடைத்ததும் நகல் வாங்குங்கள். பாகப்பிரிவினைப் பத்திரம் கிடைத்தால் வேறெதுவும் அதற்கு ஈடில்லை. அண்ணன் தம்பிகள், மைனர் பிள்ளைகள், அவர்களுடைய கார்டியன், சுவீகார புத்திரன், ஜீவனாம்சம் பெறும் விதவைத் தாய் என்று வீடே வரிசையாக நிற்கும். கிரயப் பத்திரமானாலும் சொத்து வந்த வழியைச் சொல்லும் இடத்தை விடாமல் படியுங்கள். 'எனக்குப் பிதுரார்ஜிதமாய்ப் பாத்தியப்பட்டு' என்றால் தகப்பன் வழி. 'சுயார்ஜிதம்' என்றால் அவரே வாங்கியது, அப்படியானால் அவருக்கு முன்னால் அந்த நிலத்தில் இருந்தவர்கள் உங்கள் முன்னோர் இல்லை. தேடலை அங்கே நிறுத்திவிட்டு அவர் தகப்பனாரின் வேறு நிலத்துக்குப் போக வேண்டும். பலரும் வழி தவறுவது இந்த இடத்தில்தான்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி தபசிலில், அதாவது பத்திரத்தின் சொத்து விவரத்தில் வரும் செக்குபந்தி, அதாவது நான்கெல்லை. 'பங்காளி இன்னார் நிலத்துக்கு மேற்கு, வாய்க்காலுக்குத் தெற்கு' என்று போகும். முதல் சொற்றொடருக்குப் பங்காளியின் நிலம் கிழக்கே இருக்கிறது என்று பொருள். இதைத் தலைகீழாகப் படித்துவிட்டுப் புலப்படத்தில் தடுமாறுகிறவர்கள் நிறைய. ஒரு காலத்தில் ஒன்றாயிருந்த நிலம் பாகமாகும்போது அண்ணன் தம்பி அடுத்தடுத்த துண்டில் நிற்பார்கள். அதனால் எல்லைக்காரர் ஒவ்வொருவரின் சர்வே எண்ணுக்கும் தனியாக வில்லங்கம் போடுங்கள். உங்கள் கிளையில் தொலைந்துபோன பத்திரம் சொல்லாத கொள்ளுத்தாத்தா பெயரை அந்தக் கிளையின் பத்திரம் சொல்லிவிடும்.

பழைய கையெழுத்தில் புள்ளி இருக்காது, எகர ஏகார வேறுபாடும் இருக்காது. ௵ வருஷம், ௴ மாதம், ௳ தேதி, ௸ மேற்படி. 'சார்வரி௵ தை௴' என்று இருந்தால் சார்வரி 1900, 1960, 2020 ஆகிய மூன்றில் எது என்பதைத் தாளையும் முத்திரையையும் வைத்து முடிவு செய்யுங்கள். 1900 என்று தேறினால் தை மாதம் விழுவது 1901 ஜனவரி, பிப்ரவரியில். வருவாய்க் கணக்கில் வரும் பசலி ஆண்டோடு 590 கூட்டினால் அந்தப் பசலி தொடங்கிய ஆங்கில ஆண்டு வரும். தொடக்கம் ஜூலை 1.

பெண்கள் பெயர் குறைவாகத்தான் கிடைக்கும். இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்த 1956க்கு முன்பு மகளுக்குத் தகப்பன் சொத்தில் பங்கு வருவது அரிது. மஞ்சள்காணியாக, அதாவது சீதனமாகக் கொடுத்த நிலம், தான செட்டில்மெண்ட், பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் ஆகியவற்றில் பாருங்கள். பிறந்த வீட்டு ஊர்ப் பெயரும் அங்கேதான் அகப்படும்.

நிலமே இல்லாத குடும்பம் என்றால் பட்டாதாரர் பட்டியலைப் புரட்டி மனம் நொந்துபோக வேண்டாம். வயலில் உழைத்தவர்களை அந்தப் பட்டியல் கணக்கில் எடுக்கவே இல்லை. ஒடுக்கப்பட்ட மக்களுக்கு 1892 முதல் ஒப்படை செய்த பஞ்சமி நிலங்கள் ஊரில் உண்டா என்று பழைய பதிவேட்டின் குறிப்புக் கலத்தில் பாருங்கள். குடியிருந்த மனைக்கு நத்தம் கணக்கைக் கேளுங்கள். குத்தகைக்கு உழுதவர்களாக இருந்தால் 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி எழுதிய குத்தகை உரிமைப் பதிவேட்டில் நிலத்துக்காரர் பெயருக்குப் பக்கத்தில் உழுதவர் பெயரும் சர்வே எண்ணும் இருக்கும்.