சமயத் தத்துவத் தாள்: திரித்துவக் கேள்விக்குப் பயப்பட வேண்டாம்

எம்.ஏ. தத்துவம் ரிசல்ட் வந்துவிட்டது. சமயத் தத்துவத் தாளில் நினைத்ததைவிட நல்ல மார்க். மனசு லேசான இந்தச் சூட்டிலேயே எழுதிவிடுகிறேன். கடவுள் இருப்புக்கான வாதங்களுக்கும் தீமைப் பிரச்சினைக்கும் எல்லாரிடமும் நோட்ஸ் இருக்கும், அவற்றை விட்டுவிடுகிறேன். பலரும் சாய்ஸில் ஒதுக்குவது திரித்துவம், மனுவுருவாதல், பாவநிவாரணம் ஆகிய மூன்று கிறித்தவக் கோட்பாடுகளும் தமக்குள் முரண்படுகின்றனவா என்ற அலகைத்தான். எனக்குக் கை கொடுத்தது அதுதான்.

செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. கோட்பாட்டை விளக்கத் தொடங்காதீர்கள். முரண்பாட்டைச் சின்னச் சின்ன வாக்கியங்களாக உடைத்து எண் போடுங்கள். முதலில் திரித்துவம், அதாவது பிதா, குமாரன் (இயேசு), பரிசுத்த ஆவி என்ற மூவரும் ஒரே கடவுள் என்பது. இருவரை மட்டும் எடுத்தாலே சிக்கல் தெரிந்துவிடும்:

1. பிதா கடவுள்.
2. குமாரன் கடவுள்.
3. பிதா குமாரன் அல்ல.
4. கடவுள் ஒருவரே.

முதல் இரண்டையும் 'விடிவெள்ளியே மாலைவெள்ளி' என்பது போன்ற முற்றொருமையாக (இரண்டு பெயர், ஆனால் பொருள் ஒன்றே) எடுத்தால், பிதாவே குமாரன் என்று ஆகிவிடும், மூன்றாவது அடிபடும். 'கடவுள்' என்பதை ஒரு பண்பாக எடுத்தால், அந்தப் பண்புடையவர் இருவர் ஆகிறார்கள், நான்காவது அடிபடும். இவ்வளவுதான் பிரச்சினை. ஒவ்வொரு விடையும் இதில் எங்கே கை வைக்கிறது என்று எழுதினால் போதும். பழங்காலக் கிறித்தவப் போதகர் சபெல்லியுஸ் மூன்றாவதைக் கைவிட்டார்: ஒரே கடவுள்தான் மூன்று வடிவில் தோன்றுகிறார் என்றார். இன்னொரு போதகர் ஆரியுஸ் இரண்டாவதை வலுவிழக்கச் செய்தார்: குமாரன் படைக்கப்பட்டவர், பிதாவுக்குச் சமமானவர் அல்ல என்றார். 1994-ல் ஆங்கிலேயத் தத்துவவாதி ரிச்சர்ட் ஸ்வின்பர்ன் நான்காவதற்கு வேறு பொருள் தந்தார்: பிரிக்க முடியாதபடி ஒன்றையொன்று சார்ந்த மூன்று ஆட்களின் கூட்டு ஒருமை. இன்னொரு தத்துவவாதி பீட்டர் கீச் வாக்கியங்களைத் தொடவே இல்லை. 'அதே' என்பதற்குத் தனியாகப் பொருள் கிடையாது, 'அதே கடவுள்' ஆனால் 'அதே ஆள் அல்ல' என்று சொல்லலாம் என்றார். திரித்துவக் கோட்பாட்டை வகுத்த நிசேயா (325), கான்ஸ்டான்டிநோபிள் (381) திருச்சபைச் சங்கங்களுக்கு ஒரு வரி போதும். இது வரலாற்றுத் தாள் இல்லை.

நான் இருப்பது ஏற்காட்டில். வகுப்புக்குச் சேலம் இறங்க வேண்டும். அந்த 20 கொண்டை ஊசி வளைவில் புத்தகத்தைத் திறந்தால் எனக்குக் குமட்டும். அதனால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இந்த நாலு வாக்கியத்தையும் மனசுக்குள் ஓட்டுவேன். இரண்டாவதை எடுத்தால் என்ன ஆகும், மூன்றாவதை எடுத்தால் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்ப்பேன். அடிவாரம் வருவதற்குள் ஒரு விடை முழுசாகக் கூடி வந்துவிடும். பக்கம் பக்கமாக மனப்பாடம் செய்கிறவர்களுக்கு இந்த வழி ஒத்து வராமல் போகலாம். எனக்கு மனப்பாடம் என்றைக்கும் வந்ததில்லை.

தவிர்க்க வேண்டியவை:

- தண்ணீர், பனிக்கட்டி, நீராவி உவமை. நேராக சபெல்லியுஸிடம் கொண்டுபோய் விடும்.
- மும்மூர்த்தி ஒப்பீடு. அங்கே படைத்தல், காத்தல், அழித்தல் என்று தொழில் பிரிகிறது. திரித்துவத்தில் உலகை நோக்கிய எல்லாச் செயலும் மூவருக்கும் பொது.
- 'இது மறைபொருள்' என்று முடிப்பது. அது ஒரு நிலைப்பாடு என்றால் அதற்கும் வாதம் வேண்டும்.

மனுவுருவாதலுக்கும், அதாவது கடவுளே இயேசு என்ற மனிதரானார் என்ற கோட்பாட்டுக்கும், இதே முறைதான். எல்லாம் அறிந்தவர் கடவுள். ஆனால் மாற்கு 13:32-ல் உலக முடிவின் அந்த நாளைக் குமாரனும் அறியார். 'கடவுளாக அறிந்தார், மனிதராக அறியவில்லை' என்று எழுதிவிட்டுப் பலர் நிறுத்துகிறார்கள். அங்கேதான் கேள்வியே தொடங்குகிறது: கால்கேதோன் சங்கம் (451) சொல்வதுபோல் ஆள் ஒருவரே என்றால், அந்த ஒருவர் அறிந்தாரா இல்லையா? 1986-ல் தத்துவவாதி தாமஸ் மாரிஸ் முன்வைத்த 'இரண்டு மனம்' கொள்கையை (ஒரே ஆளுக்குக் கடவுள் மனம் ஒன்று, மனித மனம் ஒன்று) இங்கே கொண்டுவாருங்கள். முழு மனிதர் வேறு, வெறும் மனிதர் வேறு என்ற அவருடைய பிரிப்பைக் கட்டாயம் எழுதுங்கள். நம் எல்லாருக்கும் அறிவு எல்லைக்குட்பட்டது என்பதாலேயே, மனிதராக இருக்க அது கட்டாயம் என்று ஆகிவிடாது. பிலிப்பியர் 2-ஐ வைத்துச் சொல்லப்படும் 'தம்மைத்தாமே வெறுமையாக்கினார்' விளக்கம் (மனிதராகும்போது சில தெய்வப் பண்புகளை விட்டுவைத்தார் என்பது) இரண்டு பத்தி பெறும், அதற்கு மேல் வேண்டாம்.

"இப்படியெல்லாம் நோண்டிப் படிச்சா விசுவாசம் ஆட்டம் காணாதாம்மா?" என்று எங்கள் சபைப் போதகர் ஒருநாள் கேட்டார். "காணலைங்கய்யா. நாமளே கேக்கலைன்னா வேற ஒருத்தர் கேக்கறப்ப வாயடைச்சு நிக்கணுங்க" என்றேன். 1623-ல் மதுரையிலிருந்து புறப்பட்டுச் சேந்தமங்கலம் வழியாகச் சேலம் வந்த இயேசு சபைத் துறவி 'தத்துவ போதகர்' ராபர்ட் தெ நோபிலி, படித்தவர்களோடு தர்க்கம் பண்ணியே பேர் வாங்கியவர். நான் விசுவாசிதான். முரண்பாட்டை அதன் முழு வலுவோடு எழுதுவதை விசுவாசத்துக்குச் செய்யும் மரியாதையாகவே நினைக்கிறேன்.

மூன்றிலும் கடினம் பாவநிவாரணம், அதாவது இயேசுவின் சிலுவை மரணம் மனிதரின் பாவத்தைத் தீர்த்தது என்ற கோட்பாடு. இடைக்கால இறையியலாளர் ஆன்செல்மின் கடன்-ஈடு வாதத்தை (பாவத்தால் கடவுளுக்குப் பட்ட கடனை இயேசு ஈடு செய்தார் என்பது) சுருக்கமாக எழுதிவிட்டு, அதை மறுத்த சோசினுஸிடம் போய்விடுங்கள்: கடன் முழுசாகத் தீர்க்கப்பட்டது என்றால் அங்கே மன்னிப்பு எங்கே? மன்னித்தாகிவிட்டது என்றால் ஈடு எதற்கு? கூடவே கான்ட்: பணக் கடன்போல் குற்றத்தை இன்னொருவர் தலையில் மாற்ற முடியாது. இதற்கு நிறைவான பதில் எனக்குக் கிடைக்கவில்லை என்றே விடைத்தாளில் எழுதினேன். சிலுவையில் தெரியும் அன்பே மனிதரை மாற்றுகிறது என்ற ஆபெலார்டின் பக்கம் சாய்கிறேன், ஆனால் சிலுவை வெறும் முன்மாதிரியாகச் சுருங்கிவிடும் ஆபத்து அதில் உண்டு என்றும் சேர்த்தேன். நீங்கள் எந்தப் பக்கம் நின்றாலும் அந்தப் பக்கத்தின் ஓட்டையையும் எழுதிவிட்டு எழுந்து வாருங்கள்.