மணி அடிக்காத நேரம்

இந்தத் தீபாவளிக்கு எங்கள் லயத்தின், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளின், கடைசி வீட்டுப் பெண் பல்கலைக்கழகத்திலிருந்து ஊருக்கு வந்திருந்தாள். அவளுக்கு வகுப்புகள் தொடங்கிச் சில வாரங்களே ஆகியிருந்தன. முறுக்குத் தட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்தவள், "அக்கா, பள்ளிக்கூடத்தைவிட அங்கே வேலை ரொம்பக் குறைவு. வாரத்துக்கு மொத்தமே 18 மணி நேரந்தான் வகுப்பு" என்று மகிழ்ச்சியோடு சொன்னாள். அதைக் கேட்டு அவளுடைய அம்மா பூரித்துப்போனார். எனக்கோ வயிற்றைக் கலக்கியது. 2016ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் தேதி, இதே போன்றதொரு தீபாவளி நாளில், ஏறக்குறைய இதே சொற்களை நான் என் அப்பாவிடம் சொல்லியிருந்தேன். அதற்கடுத்த இரண்டு வாரங்களில் எனக்கு நேர்ந்ததை, வீடு நிறைய விருந்தினர் இருந்த அந்த வேளையில் அவளிடம் விளக்க முடியவில்லை. அவளுக்கும், அவளைப் போல அடுத்தடுத்துக் கிளம்பப்போகும் எங்கள் வட்டாரத்துப் பிள்ளைகளுக்குமாக அதை இங்கே எழுதுகிறேன்.

நான் வளர்ந்தது மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டார ரப்பர் தோட்டம் ஒன்றில். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு, மலாய்மொழியில் தேவையான தேர்ச்சி கிடைக்காததால் புகுமுக வகுப்பில் ஓராண்டு, பிறகு பட்டணத்து இடைநிலைப்பள்ளியில் ஐந்து படிவங்கள் என்று படித்து, 2013ஆம் ஆண்டில், ஐந்தாம் படிவ முடிவில் வரும் அரசாங்கத் தேர்வான எஸ்.பி.எம். எழுதினேன். அறிவியல் பிரிவின் ஒன்பது பாடங்களோடு தமிழ்மொழி, தமிழ் இலக்கியம் இரண்டையும் சேர்த்து எனக்கு மொத்தம் 11 பாடங்கள். வரலாற்றில் தேறினால்தான் சான்றிதழ் என்ற விதி எங்கள் ஆண்டில்தான் நடைமுறைக்கு வந்தது. நன்னெறிக்கல்விக்கு 36 நெறிகளையும் அவற்றின் விளக்கங்களோடு சொல் மாறாமல் மனப்பாடம் செய்ய வேண்டும் என்பதால், பள்ளிப் பேருந்தின் முக்கால் மணி நேரப் பயணம் முழுவதும் எங்கள் வாய்கள் முணுமுணுத்துக்கொண்டே இருக்கும்.

காலை ஏழரைக்குத் தொடங்கும் பள்ளி பிற்பகல் இரண்டு மணிக்குமேல் முடியும். புதன்கிழமைகளில் புறப்பாட நடவடிக்கை, வாரத்தில் மூன்று மாலை பட்டணத்தில் டியூசன், சனிக்கிழமை காலையில் தமிழ் இலக்கிய வகுப்பு. அந்த இலக்கிய வகுப்பை நடத்திய ஆசிரியர், தம் விடுமுறை நாளில், ஊதியம் ஏதும் பெறாமல் எங்களுக்காக வந்தவர் என்பதை இன்றும் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன். வீட்டுப்பாடத்தையும் சேர்த்தால் வாரத்துக்கு 50 மணி நேரத்துக்குக் குறையாமல் படித்திருப்போம். ஆனால், அந்த 50 மணி நேரத்தில் ஒரு மணி நேரத்தைக்கூட நானாக ஒதுக்கியது கிடையாது. மணி அடித்தால் புத்தகத்தை எடுப்போம், மீண்டும் அடித்தால் மூடி வைப்போம். வீட்டுப்பாடம் எழுதாவிட்டால் ஆசிரியர் பெயர் சொல்லி எழுப்பி நிற்கவைப்பார். ஒருமுறை கூடுதல் கணித ஆசிரியை, ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்த என் அப்பாவைக் கண்டு, மீன்காரர் முன்னிலையிலேயே, "உங்கள் மகள் இரண்டு வாரமாகப் பயிற்சி எதுவும் அனுப்பவில்லை" என்று சொல்லிவிட்டார். அன்று மாலை அப்பா என்னைத் திட்டவில்லை. மீன் குழம்பைக்கூடத் தொடாமல், நான் கணக்குப் போட்டு முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். சின்னப் பட்டணத்தில் பள்ளியின் கை அவ்வளவு தூரம் நீளும். அன்று அதைக் கொடுமை என்றே நினைத்தேன்.

ஆறாம் படிவத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பாடங்கள் நான்கு, தவணைகள் மூன்று, ஒவ்வொரு தவணையின் முடிவிலும், பல்கலைக்கழகத்தில் சேர்வதற்கான எஸ்.டி.பி.எம். தேர்வு. பாடத்தின் ஆழம் மிகக் கடுமையானது. ஆயினும் அதே பள்ளி, அதே சீருடை, அதே மணி.

2016 செப்டம்பரில் வடக்கே ஓர் அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் அறிவியல் பட்டப்படிப்புக்குச் சேர்ந்தேன். முதல் பருவத்துக்கு 17 கிரெடிட் பதிவு செய்தேன். விரிவுரை, பயிற்சி வகுப்பு, ஆய்வுக்கூடம் எல்லாம் சேர்ந்து வாரத்துக்கு 18 மணி நேரம். செவ்வாய்க்கிழமை பகல் பன்னிரண்டுக்கு மேல் எனக்கு வகுப்பே இல்லை, வெள்ளிக்கிழமை ஒரே ஒரு விரிவுரைதான். அட்டவணையின் வெற்றுக் கட்டங்களைப் பார்த்தபோது, ஐந்து படிவங்களிலும் பட்ட பாட்டுக்குக் கிடைத்த ஓய்வு என்றே நம்பிவிட்டேன்.

அந்த வெற்றுக் கட்டங்கள் ஓய்வு நேரம் அல்ல என்று விளக்கும் கணக்கு ஒன்று உண்டு. அதை யாரும் எனக்கு முதல் வாரத்தில் சொல்லித் தரவில்லை என்ற வருத்தம் எனக்கு இன்னமும் இருக்கிறது. மலேசியத் தகுதி முகமையான எம்.கியூ.ஏ. வகுத்துள்ள முறைப்படி, ஒரு கிரெடிட் என்பது மாணவர் 40 மணி நேரம் கற்பதைக் குறிக்கும். அந்த 40 மணி நேரத்தில் விரிவுரையும் அடங்கும், நூலகத்தில் வாசிப்பது, இடுபணி எழுதுவது, தேர்வுக்குத் தயாராவது, தேர்வு எழுதுவது எல்லாமும் அடங்கும். அப்படியானால் 17 கிரெடிட்டுக்கு 680 மணி நேரம். விரிவுரை நடக்கும் 14 வாரங்களோடு மீள்பார்வை வாரத்தையும் தேர்வு வாரங்களையும் கூட்டி 17 வாரம் என்று வைத்துக்கொண்டால், வாரத்துக்கு 40 மணி நேரம் வருகிறது. அட்டவணையில் கண்ணுக்குத் தெரிந்தவை 18 மணி நேரம். மீதி 22 மணி நேரம் எந்தத் தாளிலும் அச்சிடப்படவில்லை.

ஆகவே, பல்கலைக்கழகத்தில் வேலை அதிகமா, பள்ளியில் அதிகமா என்று என்னைக் கேட்டால், எஸ்.பி.எம். ஆண்டில்தான் நான் அதிக நேரம் உழைத்தேன் என்று தயங்காமல் சொல்வேன். ஆனால் பல்கலைக்கழகத்தில்தான் அதிகம் தடுமாறினேன். செய்ய வேண்டிய வேலையைக் கண்டுபிடிப்பதும், அதற்குரிய நாளைக் குறிப்பதும், அந்த நாளில் தோழிகள் கூப்பிட்டாலும் போகாமல் உட்காருவதும் அங்கே மாணவரின் வேலையோடு சேர்ந்துவிடுகின்றன. பள்ளியில் அந்தப் பகுதியை ஆசிரியர்களும் பெற்றோரும் எங்களுக்காகச் சுமந்துவந்தார்கள். சுமந்ததைத்தான் நாங்கள் கண்டிப்பு என்று அழைத்தோம்.

எனக்கு நேர்ந்தது இதுதான். நான்கு பாடங்களுக்கான இடுபணித் தேதிகள் முதல் வாரம் கொடுத்த பாடத்திட்டத் தாள்களிலேயே இருந்தன. நான்கும் பத்தாம் வாரத்தில் விழுந்தன. அந்தத் தாள்களைக் கோப்பில் வைத்தவள் திரும்ப எடுத்துப் பார்க்கவில்லை. யாராவது நினைவூட்டுவார்கள் என்று எண்ணியிருந்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது, அப்படியோர் எண்ணமே தேவைப்படாத அளவுக்கு நினைவூட்டப்பட்டே வளர்ந்திருந்தேன். தீபாவளிக்கு வீட்டுக்கு வந்து நிம்மதியாகத் தூங்கினேன். திரும்பிப் போன பிறகு, மூன்று இரவு கண்விழித்து எழுதி, இரண்டை உரிய நாளில் கொடுத்தேன். ஒன்றை அரைகுறையாகக் கொடுத்தேன். நான்காவது இரண்டு நாள் தாமதமாகப் போனது. விரிவுரையாளர் கோபப்படவில்லை. "தாமதத்துக்கு மதிப்பெண் குறையும், தாளில் இருக்கிறது" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த மாணவரைக் கூப்பிட்டார். என் அப்பா யாரென்று அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளும் தேவையும் அவருக்கு இல்லை. அந்த அறையிலிருந்து வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தபோது, சந்தையில் என்னைக் காட்டிக்கொடுத்த கூடுதல் கணித ஆசிரியையின் முகம்தான் நினைவுக்கு வந்தது. எஸ்.பி.எம். தேர்வில் ஏழு பாடங்களில் 'ஏ' எடுத்தவள், முதல் பருவத்தை நாலுக்கு 2.61 என்ற சராசரிப் புள்ளியோடு முடித்தேன்.

பருவ விடுமுறையில் அந்தப் புள்ளியை அப்பாவிடம் சொன்னேன். நாலுக்கு எத்தனை என்பதெல்லாம் அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, என் முகம் புரிந்தது. அப்பா இருபது ஆண்டுகளுக்கு மேல் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். விடிவதற்கு முன்பே பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போய்ப் பெயர் கொடுக்க வேண்டும், தாமதமானால் மேற்பார்வையாளரான தண்டல் திருப்பி அனுப்பிவிடுவார். பிறகு மரங்களை வெட்டிச் செம்பனை நட்டபோது அவர் அங்கிருந்து விலகி, தனியார் ஒருவரின் சின்னத் தோட்டத்தில், கிடைக்கும் பாலில் ஒரு பங்கைக் கூலியாகப் பெற்று, பங்குக்கு வெட்டப் போனார். அங்கே பெரட்டு இல்லை, தண்டல் இல்லை, எத்தனை மணிக்குப் போனாலும் கேட்பதற்கு ஆள் இல்லை. முதல் மாதம் கொஞ்சம் தூங்கிவிட்டுப் போனாராம். வெயில் ஏற ஏற மரத்தில் பால் இறங்குவது குறையும் என்பதால் வாளியில் அது அப்படியே தெரிந்துவிட்டது. "பெரட்டு இருந்தப்ப நேரத்தத் தண்டல் பாத்துக்கிட்டாரும்மா. பங்குக்கு வெட்டப் போனப்புறந்தான் அதுவும் என் வேலைன்னு தெரிஞ்சுச்சு" என்றார். அதற்குமேல் எதுவும் சொல்லாமல் கத்தியைக் கல்லில் தீட்டப் போய்விட்டார்.

அடுத்த பருவத்திலிருந்து விடிகாலை நான்கு மணிக்கு எழுந்தேன். அது எனக்குப் புதிய பழக்கம் இல்லை. தோட்டத்து வீட்டில், அப்பா தலைவிளக்கை மாட்டிக்கொண்டு கிளம்பும் நேரத்தில், தொலைக்காட்சிச் சத்தமும் பக்கத்து வீட்டுப் பேச்சும் இல்லாத அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் எஸ்.பி.எம். தேர்வுக்கே படித்திருந்தேன். விடுதியில் என் அறைத்தோழி கிளந்தானைச் சேர்ந்த மலாய்ப் பெண். அவள் சுபுஹ் தொழுகைக்கு எழும்போது, நான் ஒரு பாடத்தின் வாசிப்பை முடித்திருப்பேன். தாளில் அச்சிடப்படாத அந்த 22 மணி நேரத்தையும் வெற்றுக் கட்டங்களில் நானே எழுதி, மேசைக்கு மேலே ஒட்டிவைத்தேன்.

இவ்வளவு சொன்னதால், பல்கலைக்கழகச் சுதந்திரம் ஆபத்தானது, பிள்ளைகளைப் பள்ளியைப் போலவே கட்டி வைக்க வேண்டும் என்று யாரும் பொருள் கொள்ள வேண்டாம். அந்தச் சுதந்திரத்தை நான் மிகவும் நேசித்தேன். குறிப்பாகத் தோட்டத்துப் பெண்களுக்கு அது எத்தகைய பேறு என்பதை வெளிப்படையாகச் சொல்ல விரும்புகிறேன். எங்கள் லயத்தில் விளக்கு வைத்த பிறகு ஒரு பெண் வெளியே நின்றாலே நான்கு பேர் கேட்பார்கள். அங்கே நான் இரவு எட்டு மணிக்கு நூலகத்துக்குப் போய்ப் பதினொரு மணிக்குத் திரும்புவேன், யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியிருக்காது. என் வாழ்க்கையில் எனக்கென்று ஒரு மேசையும் அதன்மேல் ஒரு விளக்கும் கிடைத்தது அங்கேதான். அதுவரை தையல் இயந்திரத்தின் மூடிதான் என் மேசை. விருப்பப் பாடம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, மண்ணியல் பற்றிய பாடத்தை எடுத்தேன். யாரும் எனக்குப் பரிந்துரைக்காமல், சிறு வயதில் மிதித்து நடந்த செம்மண்ணின் மேலிருந்த ஆசையால் நானாக எடுத்த முதல் பாடம் அது.

நான் கேட்பதெல்லாம், அந்தச் சுதந்திரத்துக்கு முன்கூட்டியே சிறிது பழக்கம் வேண்டும் என்பதுதான். நான்காம் படிவத்திலிருந்தே வாரத்துக்கு இரண்டு பாடவேளையாவது, என்ன படிப்பது என்பதை மாணவரே முடிவு செய்யும் நேரமாக விடலாம். ஆறாம் படிவத்தின் மூன்று தவணைகள் இதற்கு மிகப் பொருத்தமானவை. பெற்றோரும் டியூசன் இல்லாத மாலை ஒன்றைப் பிள்ளைகளுக்கு நம்பிக் கொடுக்கலாம். பல்கலைக்கழகங்கள் தம் அறிமுக வாரத்தில் கிரெடிட் கணக்கைக் கரும்பலகையில் ஒருமுறை போட்டுக் காட்டினால், அதற்குப் பத்து நிமிடம் ஆகுமா?

தீபாவளிக்கு மறுநாள் அந்தப் பெண்ணை வரச் சொன்னேன். பாடத்திட்டத் தாள்களை அவள் கைப்பேசியில் வைத்திருந்தாள். பட்டணத்து மளிகைக்கடையில் கொடுத்த தமிழ் நாட்காட்டியைச் சுவரிலிருந்து கழற்றித் தரையில் விரித்து, ஒவ்வொரு பாடமாக அவள் தேதியை வாசிக்க, நான் குறித்துக்கொண்டே வந்தேன். நவம்பர் கடைசியில் ஒரே வாரத்துக்குள் மூன்று தேதிகள் வந்தன. மூன்றாவதை வாசித்ததும் அவள் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு என் கையிலிருந்த பேனாவை வாங்கிக்கொண்டு, "மீதிய நானே குறிக்கிறேன்க்கா" என்றாள்.