கொழுக்குமலைக்கு ஜீப்பில் போனேன், இடுப்பு இன்னும் வலிக்கிறது

சூரியநெல்லியில் விடிகாலை நான்கு மணி இருட்டில் ஜீப் ஏறினோம். பாதை என்று சொல்கிறார்கள், எல்லாம் உருளைக்கல். முதல் நாள் ராத்திரி பேசிய தொகை ஒன்று, திரும்பி வந்து இறங்கியதும் டிரைவர் கேட்டது வேறு. "மேல ரொம்ப நேரம் நின்னுட்டீங்க" என்று 500 ரூபாய் கூடுதலாக வாங்கினார். மறுநாள் சாப்பாட்டுக்கு வைத்திருந்த பணம் அது. போகிறவர்கள் ஏற, காத்திருக்க, இறங்க எல்லாவற்றுக்கும் சேர்த்து முதலிலேயே பேசிவிடுங்கள்.

ஆனால் அந்த மலை! 7,000 அடிக்கு மேலே, காலடியில் மேகம், கையில் சூடான டீ. அப்படி ஒரு டீயை நான் குடித்ததே இல்லை.

கொழுக்குமலை இருப்பது தேனி மாவட்டத்தில். ஜீப் போவதோ கேரளத்துச் சூரியநெல்லி வழியாகத்தான். இந்தப் பக்கம் குரங்கணியிலிருந்து ஏறினால் நடைதான். தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர்களின் லைன் வீடுகளைப் பார்த்தபோது, இங்கே ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால் என்ன செய்வார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. மலைக்கிராமம் காட்டும் படங்களில் இந்தக் கேள்வியே வராது. பனி, புல்லாங்குழல், ஒற்றை வீடு, நிம்மதி தேடி வரும் நகரத்து ஹீரோ. எவருக்கும் கால் வலிக்காது. எனக்கு அந்தப் படங்கள் மேல் உண்மையிலேயே கோபம்.

லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை' (2018) அப்படி ஏமாற்றவில்லை. அதைப் பார்த்துத்தான் இந்தப் பக்கமே கிளம்பினேன். ரங்கசாமி ஏலக்காய் மூட்டையோடு நடக்கிறான், நடந்துகொண்டே இருக்கிறான். மலை அங்கே அழகுக்காக இல்லை, தோளில் ஏறும் பாரமாக இருக்கிறது.

திரும்பும்போது போடிமெட்டிலிருந்து இறங்கும் 17 கொண்டை ஊசி வளைவுகளும் பஸ்ஸின் உடைந்த சீட்டில். சாயங்காலம், ஏலத்தோட்ட வேலை முடிந்த பெண்களை அடைத்துக்கொண்டு ஜீப்புகள் எங்களை முந்தி இறங்கின. பக்கத்தில் இருந்த அம்மா, மேலே என்ன பார்த்தாய் என்று கேட்டார். சூரியோதயம் என்றேன்.

"அந்நேரம் நாங்க இதே ரோட்டுல ஜீப்புக்குள்ள நெருக்கிக்கிட்டு ஏறுவோம் தம்பி" என்றார்.

அப்புறம் மதுரை பஸ். ஆண்டிபட்டி தாண்டும்போது இருட்டிவிட்டது. காற்றாலைகள் தெரிந்தன. படத்தின் கடைசியில் ரங்கசாமி, தன் நிலமாக இருந்த இடத்தில் நிற்கும் காற்றாலைக்குத்தான் காவலாளியாக உட்கார்ந்திருப்பான். தாண்டிப் போகும்வரை ஜன்னலை விட்டு நகராமல் பார்த்துக்கொண்டே வந்தேன்.